ஆர்.சி. பகிக்கு டிஃப் ஆயில்: முதல்முறை மாற்றுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்.சி. (ரேடியோ கண்ட்ரோல், அதாவது ரிமோட்டால் ஓட்டும்) கார் ஓட்ட ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் முதலில் மோட்டாரை மாற்றுவார்கள், அப்புறம் பேட்டரி, அப்புறம் டயர். சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் (சுருக்கமாக டிஃப்) என்ற கியர் பெட்டி காருக்குள் இருப்பது, அது கரகரவென்று சத்தம் போடும் நாளில்தான் நினைவுக்கு வரும். வளைவில் கார் சொன்னபடி கேட்கிறதா இல்லையா என்பதை டயருக்கு அடுத்தபடியாகத் தீர்மானிப்பது அந்த டிஃபுக்குள் இருக்கும் ஆயில்தான் என்பது என் உறுதியான எண்ணம். செலவும் அதிகமில்லை. நான்கைந்து சிறு பாட்டில்களை வாங்கி வைத்தால் நெடுநாள் வரும்.

இங்கே 1/8 அளவு (உண்மைக் காரில் எட்டில் ஒரு பங்கு) ஆஃப்-ரோடு பகியை, அதாவது மண்தரையில் ஓடும் வண்டியை வைத்து விளக்கப்போகிறேன். அதில் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று டிஃப்கள் இருக்கும். மூன்றும் காரின் போக்கை மூன்று விதமாக மாற்றும். இதைப் பிடித்துக்கொண்டால் 1/10 பகி, ட்ரகி (பெரிய சக்கரம் பொருத்திய பகி வகை), மான்ஸ்டர் ட்ரக் எதுவானாலும் சமாளிக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த எண் ஆயில் போடுவது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். என்னைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் டிஃபை ஒரே மாதிரி கட்டத் தெரிவது அதைவிட முக்கியம். போன வாரம் நிறைய ஊற்றி மூடிவிட்டு, இந்த வாரம் பாதியோடு மூடினால், கார் மாறியது புது எண்ணாலா, அளவு குறைந்ததாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் கட்டும் முறைக்கு இந்தக் கட்டுரையில் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். அவசரப்பட்டு அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

ஆயில் உள்ளே என்ன செய்கிறது

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே தண்டில் பூட்டி வைத்தால் ஏதாவது ஒன்று தரையில் இழுபட்டுத்தான் ஆகும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றட்டும் என்று விடுவதுதான் டிஃபின் வேலை. பெட்டிக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய பெவல் கியர்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே, குறுக்குப் பின்களில் சுற்றும் சிறிய ஸ்பைடர் கியர்கள் இருக்கும். நேராக ஓடும்போது இந்தச் சிறிய கியர்கள் தங்கள் பின்னில் சுற்றுவதில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகப் போகும். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றும்போதுதான் அவை உருளத் தொடங்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பினாலோ புழுதியில் பிடிப்பை இழந்தாலோ, அது வெறுமனே சுற்ற ஆரம்பிக்கும். பிடிப்புள்ள சக்கரத்துக்கும் உந்துதல் கிடைக்காது. இங்கேதான் ஆயில் வருகிறது. கியர் பற்கள் கெட்டியான சிலிகான் ஆயிலைப் பிழிந்துகொண்டு நகர வேண்டியிருப்பதால், இரண்டு பக்க வேகங்களும் தாறுமாறாகப் பிரிந்துபோகாமல் அது இழுத்துப் பிடிக்கும். தண்ணீரில் கையை வீசுவதற்கும் தேனில் வீசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் இது: வேக வித்தியாசம் கூடக் கூடத்தான் ஆயிலின் எதிர்ப்பும் கூடும். மெதுவாக உருளும்போது ஆயில் இருப்பதே தெரியாது. அதனால் வேகமாக வளைவில் நுழைவது, வளைவிலிருந்து த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கொடுத்து வெளியேறுவது, மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் காற்றில் இருப்பது போன்ற நேரங்களில்தான் ஆயில் மாற்றம் கையில் தெரியும். பாறை ஏறும் கிராலர் வண்டிகளில் டிஃபை ஆயிலால் அடக்காமல் முழுக்கப் பூட்டிவிடுவதற்கும் இதுவே காரணம். அங்கே சக்கரங்கள் ஊர்வதால் ஆயில் எதிர்ப்பு போதாது.

பாட்டிலில் உள்ள எண்

டிஃப் ஆயில் பாட்டிலில் 3000, 5000, 10,000 என்று போட்டிருக்கும். அது சென்டிஸ்டோக்ஸ் என்ற பாகுநிலை அலகு. அறை வெப்பத்தில் தண்ணீர் ஏறக்குறைய 1 சென்டிஸ்டோக்ஸ். எண் கூடினால் கெட்டி, குறைந்தால் இளக்கம். ஆயிரத்தைக் குறிக்க ‘கே’ சேர்த்து 5கே, 7கே என்று பேச்சில் சொல்வார்கள்.

ஷாக் (அதிர்வுத் தாங்கி) ஆயில் பாட்டிலில் 30 வெயிட், 40 வெயிட் என்று இருக்கும். அது வேறு அளவுமுறை, நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். 30 வெயிட் ஷாக் ஆயில் ஏறக்குறைய 350 சென்டிஸ்டோக்ஸ்தான். கையில் அதுதான் இருக்கிறது என்று டிஃபில் ஊற்றினால் காலியாக ஓடுவதற்குச் சமம்.

புதியவர்கள் இன்னொரு இடத்திலும் தடுமாறுவார்கள். 1000-லிருந்து 2000-க்குப் போவது பெரிய மாற்றம், கெட்டித்தன்மை இரண்டு மடங்காகிறது. 10,000-லிருந்து 11,000-க்குப் போவது யாருக்கும் தெரியாத மாற்றம். இரண்டிலும் வித்தியாசம் 1000 என்றாலும் கைக்குத் தெரிவது விகிதம். ஒரு படி மாற்ற நினைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2000, 3000, 5000, 7000, 10,000. கடையில் கிடைக்கும் பாட்டில்களும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கும்.

இரண்டு ஆயிலைக் கலந்து நடுவில் ஒரு எண்ணை உண்டாக்கலாம். ஆனால் கூட்டி இரண்டால் வகுத்தால் கணக்கு தப்பும். 1000-ஐயும் 10,000-ஐயும் சம அளவு கலந்தால் 5500 வராது, 3000-ஐ ஒட்டித்தான் வரும். இரண்டு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஓரளவு சரியாக இருக்கும். 5000-மும் 10,000-மும் சமமாகக் கலந்தால் 7000 பக்கம். ஒரே நிறுவனத்தின் ஆயில்களை மட்டும் கலக்கவும். பொதுவாகவே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருப்பது நல்லது, வேறு நிறுவனத்தின் அதே எண் டிராக்கில் சற்று வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது

உங்கள் காரின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அங்கிருந்து. வேறு யோசனையே வேண்டாம். காரை வடிவமைத்தவர்கள் ஓட்டிப் பார்த்துத்தான் அந்த எண்களைக் கொடுத்திருப்பார்கள்.

கையேடு இல்லையென்றால், 1/8 நைட்ரோ (எரிபொருள் இன்ஜினில் ஓடும்) பகிக்கு முன் 5000, நடு 5000 அல்லது 7000, பின் 2000 அல்லது 3000 என்பது பலரும் தொடங்கும் இடம். டிராக்கில் இதை 5-7-3 என்று சுருக்கிச் சொல்வார்கள். வரிசை எப்போதும் முன், நடு, பின். மின்சார பகியில் மோட்டாரின் முறுக்குவிசை சட்டென்று வருவதால் நடு டிஃபில் ஒரு படி கெட்டியாக, 7000 முதல் 10,000 வரை போடுவார்கள். சக்கரம் பெரிதான ட்ரகியில் மூன்றுமே ஒரு படி கெட்டியாக இருக்கும்.

பின் டிஃப் மூன்றிலும் இளக்கமாக இருப்பதைக் கவனியுங்கள். பின்சக்கரங்கள் வளைவில் தாராளமாக வேறு வேறு வேகத்தில் சுற்றினால்தான் பக்கவாட்டுப் பிடிப்பு கிடைக்கும், கார் வால் வீசாது.

கட்டும் முறை

மேசையில் இருக்க வேண்டியவை: நல்ல எஃகு முனையுள்ள அலன் கீ (1/8 கார்களில் பெரும்பாலும் 2 மற்றும் 2.5 மில்லிமீட்டர்), டிஷ்யூ, பழைய துணி, பழைய டூத் பிரஷ், ஸ்க்ரூக்களைப் போட ஒரு தட்டு, கசிவைத் தடுக்கும் புது ஓ-ரிங், கேஸ்கெட், பிறகு 0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. இந்தத் தராசைப் பலரும் ஆடம்பரம் என்று நினைப்பார்கள். நான் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

காரிலிருந்து டிஃபைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிரவுன் கியர் (டிஃப் பெட்டியில் பூட்டிய பெரிய பல்சக்கரம்) இடப்பக்கமா வலப்பக்கமா, பேரிங்குக்கும் பெட்டிக்கும் நடுவே மெல்லிய ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் வளையத் தகடுகள்) எந்தப் பக்கம் எத்தனை என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். ஷிம் பக்கம் மாறினால் கிரவுன் கியரும் அதோடு பொருந்தும் சிறிய பினியன் கியரும் பல் பொருந்தும் இடைவெளி கெட்டு, சில ஓட்டங்களிலேயே பல் தேய்ந்துவிடும்.

பெட்டியைச் சுற்றியுள்ள அழுக்கை முதலில் பிரஷால் தள்ளுங்கள். அப்புறம்தான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். ஸ்க்ரூ தலையின் குழியில் மண் அடைத்திருந்தால் ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, அலன் கீயை அடி வரை அழுத்தித் திருப்புங்கள். குழி வழுக்கிப்போன ஸ்க்ரூவை எடுப்பது இந்த வேலையிலேயே மிகத் தொல்லையான விஷயம்.

திறந்ததும் பழைய ஆயிலைப் பாருங்கள். சாம்பல் நிறமாகியிருந்தால் அது கியர் தேய்மானத்தின் பொடி, வழக்கமானதுதான். விரலில் தேய்த்தால் நறநறவென்று துகள் தட்டுப்பட்டால் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கலாம், எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆயிலின் அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

ஆயிலை வடித்துவிட்டு, எல்லாவற்றையும் டிஷ்யூவால் நன்றாகத் துடையுங்கள். சிலிகான் ஆயில் தண்ணீரிலும் சோப்பிலும் எளிதில் போகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் முழுக்கக் கரைக்காது. உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் அலசினால் சுத்தமாகிவிடும். ரப்பர் ஓ-ரிங்கை அதில் போடக் கூடாது, ஊதிவிடும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். அலசியதை முழுக்க உலர விடுங்கள். மண்ணெண்ணெய் மிச்சமிருந்தால் புது ஆயிலை இளக்கிவிடும்.

குறுக்குப் பின்களை நகத்தால் வருடிப் பாருங்கள். ஸ்பைடர் கியர் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் பின்னை மாற்ற வேண்டும். கியருக்கு அடியில் இருக்கும் மெல்லிய வாஷர்கள் நெளிந்திருந்தாலும் மாற்றுங்கள். ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போடுவதே நல்லது. மெல்லிய பூச்சாக ஓ-ரிங் கிரீஸ் தடவி உட்கார வைத்து, அவுட்டிரைவை (டிஃபிலிருந்து சக்கரத்தின் பக்கம் வெளியே நீளும் தண்டு) சுழற்றியபடியே மெதுவாக உள்ளே தள்ளுங்கள். குத்தித் தள்ளினால் ஓ-ரிங் வெட்டுப்படும். கசிவுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நொடியில்தான் ஆரம்பிக்கின்றன என்று நினைக்கிறேன்.

இப்போது ஆயில். கியர்கள் அடுக்கிய திறந்த பெட்டியைத் தராசில் வைத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் அடியிலுள்ள பெரிய கியருக்குக் கீழே ஆயில் போகுமாறு கொஞ்சம் ஊற்றி, கியரைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். அடியில் சிக்கியிருக்கும் காற்று மேலே வரும். பிறகு குறுக்குப் பின்கள் மூழ்கும் வரை ஊற்றி நிறுத்துங்கள். விளிம்பு வரை ஊற்றக் கூடாது. ஓடும்போது சூடாகி ஆயில் விரிவடையும்; இடம் இல்லையென்றால் ஓ-ரிங் வழியாகத்தான் வெளியே வரும்.

அப்படியே மூடாமல் காத்திருங்கள். 3000, 5000 ஆயிலில் கால் மணி நேரத்தில் குமிழ்கள் பெரும்பாலும் போய்விடும். 10,000-க்கு மேல் இன்னும் நேரம் பிடிக்கும். 1,00,000 போன்ற கெட்டி ஆயிலைச் சிறிது சிறிதாக ஊற்றி, தூசி விழாமல் மூடி, ராத்திரி முழுக்க வைத்துவிடுவது உத்தமம். குமிழ் போனதும் மட்டம் இறங்கியிருக்கும். மறுபடி குறுக்குப் பின்கள் மூழ்கும் மட்டத்துக்கு நிரப்பி, எடையைப் பார்த்து எழுதுங்கள். அடுத்த முறை அதே டிஃபுக்கு அதே எடை, 0.1 கிராம் முன்னே பின்னே இருக்கலாம். சிலிகான் ஆயிலின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருப்பதால், ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேஸ்கெட்டைச் சரியாக உட்கார வைத்து, கிரவுன் கியரை வைத்து, நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே ஸ்க்ரூவை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கேஸ்கெட் ஒரு பக்கம் பிதுங்கும். பெட்டி பிளாஸ்டிக் என்றால் மறை பிய்ந்துபோகும் அளவுக்கு முறுக்க வேண்டாம், ஸ்க்ரூ தளராமல் இருக்கப் போடும் த்ரெட்லாக் பசையும் வேண்டாம்.

கடைசியில் பெட்டியைச் சுற்றித் துடைத்து, கிரவுன் கியரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓர் அவுட்டிரைவைத் திருப்புங்கள். மற்றது எதிர்த்திசையில் சீராகச் சுற்ற வேண்டும். எங்காவது தடுக்கினால் வாஷரோ பின்னோ சரியாக உட்காரவில்லை. காரில் பொருத்தும்போது கிரவுன் கியர் முன்பு இருந்த அதே பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தால் அந்த ஜோடிச் சக்கரம் மட்டும் பின்னோக்கிச் சுற்றும்! அதனால் எல்லா ஸ்க்ரூவையும் பூட்டும் முன் காரைத் தூக்கி வைத்து, ஸ்பர் கியரை (மோட்டாரிலிருந்து சக்தி வாங்கும், நடு டிஃபில் உள்ள பெரிய பல்சக்கரம்) கையால் உருட்டி, நான்கு சக்கரமும் ஒரே திசையில் போகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. சிலிகான் பட்ட கையோடு பாடி ஷெல்லின் உட்புறத்தைத் தொடாதீர்கள். பிறகு பெயின்ட் அடித்தால் அந்த இடத்தில் ஒட்டாமல் கண் கண்ணாகப் பிரிந்து நிற்கும். தரையில் சிந்தியதையும் உடனே துடையுங்கள், சறுக்கிவிடும்.

ஓட்டிப் பார்த்து மாற்றுவது

கையேட்டு எண்களோடு மூன்று டிஃப்களையும் சுத்தமாகக் கட்டியாயிற்று. இனி டிராக். முதலில் டயர். தேய்ந்த டயரோடு டிஃப் ஆயிலைச் சோதிப்பதில் பயனே இல்லை. இரண்டு பக்க ஷாக்கும் சமமாக இருக்கிறதா, காரின் உயரம் சரியா, பேரிங் எதுவும் இறுகிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆயிலைக் குறை சொல்ல வேண்டும்.

அப்புறம் கட்டாய விதி: ஒரு நேரத்தில் ஒரு டிஃப் மட்டும், ஒரு படி மட்டும். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் கார் நன்றாக ஓடினாலும் ஏன் என்று தெரியாது.

நான் எப்போதும் நடு டிஃபிலிருந்து தொடங்கச் சொல்வேன். மோட்டாரின் சக்தி முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் எப்படிப் பிரிகிறது என்பதை அதுதான் முடிவு செய்கிறது, அது சரியில்லாமல் மற்ற இரண்டை ஆராய்வது வீண். நின்ற இடத்திலிருந்து முழு த்ராட்டில் கொடுங்கள். எடை பின்னால் சாய்ந்து முன்பக்கம் லேசாகும். நடு ஆயில் இளக்கமாக இருந்தால் சக்தி முழுக்க முன்னே தப்பி ஓடி, முன் டயர்கள் பலூன் மாதிரி உப்பிச் சுற்றும், கார் நகர்வது மந்தமாக இருக்கும். கூட வந்தவரை ஓரத்தில் நிற்க வைத்து, கைபேசியில் ஸ்லோ மோஷனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். வெறும் கண்ணுக்குத் தப்புவது அதில் தெளிவாகத் தெரியும். முன் டயர் பின் டயரைவிட வேகமாகத் தேய்வதும் இதே அடையாளம். அப்படியென்றால் நடுவில் ஒரு படி கெட்டி.

கெட்டியாக்கினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், நேரில் வேகம் கூடும், த்ராட்டிலில் இருக்கும்போது ஸ்டீயரிங்கும் கூடும். பிடிப்பு நிறைந்த, சமமான டிராக்கில் இது அருமை. மேடு பள்ளமான புழுதித் தரையில் அதே கார் பதற்றமாக, தொட்டால் துள்ளுவதாக மாறிவிடும். அங்கே கொஞ்சம் இளக்கமான நடு ஆயில் சக்தியின் கூர்மையை மழுக்கி ஓட்டுபவருக்கு உதவி செய்யும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு நான் இளக்கமான பக்கத்தையே சொல்வேன். ஒரு சுற்றில் அரை நொடி கூடுதலாக ஆனாலும், காரைக் கவிழ்க்காமல் முடிப்பதே அவர்களுக்கு லாபம்.

மின்சார பகி வைத்திருப்பவர்கள் பிரேக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நைட்ரோ பகியில் நடு டிஃபின் இரண்டு பக்கமும் தனித்தனி பிரேக் தகடு இருக்கும், முன்னுக்கு எவ்வளவு பின்னுக்கு எவ்வளவு என்று தனியாகவே திருகலாம். மின்சாரத்தில் மோட்டாரே பிரேக். அந்தப் பிரேக் விசையும் நடு டிஃப் வழியாகத்தான் பிரிகிறது, ஆக நடு ஆயிலை மாற்றினால் பிரேக் போடும் விதமும் மாறும். நைட்ரோகாரர்களுக்கு வேறொரு கவலை: நடு டிஃப் கசிந்தால் ஆயில் நேராகப் பிரேக் தகட்டில் படும், பிரேக் பிடிக்காது.

அடுத்து பின் டிஃப். வளைவின் நடுவிலும் த்ராட்டில் கொடுக்கும்போதும் பின்பக்கம் பக்கவாட்டில் வீசுகிறதென்றால் பின் ஆயிலை ஒரு படி இளக்குங்கள், 3000 இருந்தால் 2000. பக்கவாட்டுப் பிடிப்பு கூடும், வளைவுக்குள் நுழைவதும் எளிதாகும். மிகவும் இளக்கினால் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றி, வளைவிலிருந்து வெளியேறும் வேகம் போய்விடும். ஒரு சுற்று ஒரு மாதிரி, அடுத்த சுற்று வேறு மாதிரி என்று காரை நம்ப முடியாமல் போகும். மாறாக வெளியேறும்போது கார் முன்னோக்கி இழுக்கவில்லை, உள்சக்கரம் மட்டும் மண்ணை வாரி இறைக்கிறதென்றால் ஒரு படி கெட்டி.

முன் டிஃப்தான் புதியவர்களை அதிகம் குழப்பும். ஸ்டீயரிங் வேண்டும் என்று கேட்டால் ஒருவர் கெட்டியாக்கச் சொல்வார், இன்னொருவர் இளக்கச் சொல்வார். இரண்டு பேரும் சரிதான், வளைவின் எந்தப் பகுதி என்பதுதான் கேள்வி. த்ராட்டிலை விட்டு வளைவுக்குள் நுழையும்போது கார் திரும்ப மறுத்தால் முன் ஆயிலை இளக்குங்கள், மூக்கு சட்டென்று உள்ளே போகும். நுழைவதெல்லாம் சரி, த்ராட்டில் கொடுத்து வெளியேறும்போதுதான் கார் வெளிப்பக்கம் அகன்று போகிறது என்றால் கெட்டியாக்குங்கள், இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து காரை உள்ளே இழுக்கும். பிரேக் போட்டு நுழையும்போது கார் தடுமாறினாலும் கெட்டியான முன் ஆயில் அதை நிதானப்படுத்தும். அதனால் “திரும்பவில்லை” என்பதோடு நிறுத்தாமல், நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா என்று சொல்லிப் பழகுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் ஐந்து நிமிடமாவது ஓட்டிய பிறகே முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு சுற்றில் ஆயில் இன்னும் சூடாகியிருக்காது. நோட்டில் தேதி, தரை, வெயிலா நிழலா, டயர், மூன்று எண்கள், மூன்று எடைகள், கார் என்ன செய்தது என்று எழுதி வையுங்கள்.

வெயில்

பாட்டிலில் உள்ள எண் பொதுவாக 25 டிகிரி வெப்பத்துக்கானது. சிலிகான் ஆயில் மற்ற எண்ணெய்களைவிடச் சூட்டைத் தாங்கும், ஆனால் மாறாமல் இருக்காது. 40 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும், 50 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மே மாத மதியம் நம் ஊரில் ஓட்டுபவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை. குளிர்நாட்டு ஓட்டுநர் ஒருவரின் 5-7-3 அமைப்பை அப்படியே போட்டால், இங்கே அது ஒரு படி இளக்கமாகவே நடந்துகொள்ளும். காலையில் பிடித்துப்போன கார் மதியம் முன் டயரை உப்ப வைக்கிறதென்றால் சந்தேகப்பட வேண்டியது நடு டிஃபை. மூன்றிலும் அதுதான் பெரும்பாலும் அதிகம் சூடாகும், அதுவும் எடை கூடிய மின்சாரக் கார்களில். கோடையில் நடுவை மட்டும் ஒரு படி கெட்டியாக்கிப் பாருங்கள்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு

1/10 இருசக்கர இயக்கப் பகியில் பின்னால் ஒரே டிஃப்தான், சிலவற்றில் அது ஆயில் டிஃபாக இல்லாமல் பால் டிஃபாக (கியருக்குப் பதில் சிறு உருண்டைகளால் இயங்குவது) இருக்கும். பால் டிஃபில் ஆயில் ஊற்றக் கூடாது, அதை ஸ்க்ரூ இறுக்கம் கொண்டு சரிசெய்வார்கள். டூரிங் காரில் முன்பக்கம் பெரும்பாலும் ஸ்பூல் என்ற முழுப் பூட்டு, ஆகவே பின் டிஃப் ஒன்றை மட்டுமே ஆயிலால் மாற்ற வேண்டியிருக்கும். டிரிஃப்ட் காரில் பின்பக்கம் பூட்டியே இருக்கும்.

தாவிக் குதித்து விளையாடும் மான்ஸ்டர் ட்ரக்குகளில் நடு டிஃபுக்கு 1,00,000, அதற்கும் மேல் போடுவார்கள். சக்தி முன்னே தப்பாமல் பின்சக்கரத்தில் நிற்பதால் வண்டி முன்காலைத் தூக்கும், அதுதான் அவர்களுக்கு வேண்டியது. அந்த ஆயிலை ரேஸ் பகியில் போட்டால் வளைவே எடுக்காது. குதித்து இறங்கும்போது முழு த்ராட்டிலில் இருந்தால் எந்த ஆயிலும் கியரைக் காப்பாற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலை குறைந்த ஓடத்தயார் கார்கள் சிலவற்றில் டிஃபுக்குள் கிரீஸ் மட்டும் கொஞ்சம் பூசியிருக்கும். அந்தப் பெட்டியில் ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆயில் ஒரே நாளில் வெளியே வந்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை

பொழுதுபோக்காக வார இறுதிகளில் ஓட்டுபவர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூன்றையும் திறந்து பார்த்தால் போதும். பந்தயம் ஓட்டுபவர்கள் பின் டிஃபையும் நடு டிஃபையும் அதைவிட அடிக்கடி மாற்றுவார்கள். பின் டிஃபில் இருப்பது இளக்கமான ஆயில், அதனால் தேய்மானப் பொடி கலந்ததும் சீக்கிரம் குணம் மாறும். புதுக் காரின் முதல் ஆயிலைச் சில ஓட்டங்களிலேயே மாற்றிவிடுங்கள்; புதுக் கியர்கள் ஒன்றோடொன்று பழகும்போதுதான் உலோகப் பொடி அதிகம் உதிரும்.

இடைப்பட்ட நாட்களில் திறக்காமலே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. காரைத் தூக்கி, ஸ்பர் கியரை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒரு பின்சக்கரத்தை வேகமாகச் சுண்டிவிடுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரம் மறுதிசையில் சுற்றி எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்று பாருங்கள். புதிதாகக் கட்டிய அன்றே இதைச் செய்து மனதில் வைத்துக்கொண்டால், பிறகு சக்கரம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் சுற்றும் நாளில் ஆயில் குறைந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அன்று வெறுமனே மேலே ஊற்றி மூடாமல், முழுக்கக் கழற்றி, கசிந்த ஓ-ரிங் எது என்று கண்டுபிடித்து மாற்றிவிட்டு, நோட்டில் இருக்கும் அதே எடைக்குப் புதிதாக நிரப்புங்கள்.